நடக்க மறந்த ஆறு சிலிண்டர்

சாய்ந்தமருதில் ஒரு காருக்கு மூன்று மாதம் தொடர்ந்து வேலை நடந்தால் அது அந்த ஒழுங்கையின் பொதுக் காரியமாகிவிடும். தொழுகைக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். "இன்னும் முடியல்லயா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார்கள். றிம்சான் பொனட்டுக்குள் இருந்து தலையை எடுக்காமலே "முடிஞ்சிரும்" என்பான். எத்தனை தடவை சொன்னானோ, அத்தனை தடவையும் மனதாரத்தான் சொன்னான்.

கார் அவனுடையதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த வில்லங்கமெல்லாம் அதில்தான் தொடங்கியது. கார் அவன் மனைவி அஸீஸாவுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். அஸீஸாவின் வாப்பா மூத்த மகளுக்கு வீட்டை எழுதும்போது, கொட்டிலில் நின்ற காரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு செஃபயர். இளம்பச்சை நிறம். பொனட்டுக்குள் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்.

அந்தக் காருக்கு ஊரில் ஒரே வேலைதான்: மாப்பிள்ளை கொண்டு வருவது. அஸீஸாவின் இரண்டு தங்கைமாருக்கும் மாப்பிள்ளை அதில்தான் வந்தது. ஒழுங்கையில் முக்கால்வாசி வீட்டுக்கும் அப்படித்தான். யாரும் வாடகை கேட்டதில்லை, கொடுத்ததுமில்லை. கலியாண வீட்டிலிருந்து ஒரு சஹன், பெரிய தட்டு நிறையச் சோறு, வரும், அவ்வளவுதான். இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால், அக்கரைப்பற்றுக்காரனான றிம்சானும் அதே காரின் பின்சீட்டில் தலையைக் குனிந்தபடி வந்து அஸீஸாவின் வாசலில் இறங்கியவன்தான்.

மகள் பஸ்மிலாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவன் கட்டாருக்குப் போனான். பதினாலு வருடம். தோஹாவில் அவன் வேலை செய்த கராஜுக்கு வந்ததெல்லாம் மணல் மேட்டில் ஓட்டப் போட்டி வைக்கிற ஜீப்புகள். ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திறந்து, கேம் ஷாப்ட்டை மாற்றி, காற்றும் பெற்றோலும் அள்ளிக்கொண்டு போக வழி பண்ணி, நெட்டுக்குத்தாக நிற்கிற மணல் மலையில் ஒரே மூச்சில் ஏற வைப்பதுதான் அவன் தொழில். அதில் அவன் கெட்டிக்காரன். பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள். ஊரில்தான் அவனுக்குப் பெயர் இல்லை. ஊரில் அவன் அஸீஸாட மாப்பிள்ளை. அதுவும் போனில் மட்டும் தெரிகிற மாப்பிள்ளை.

பஸ்மிலா குர்ஆன் ஓதி முடித்த அன்று ஓதிக்கொடுத்த லெப்பை கேட்டார், "புள்ளைட வாப்பா எங்க?" என்று. பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பில் அதிபர் அதையே கேட்டார். குடல்வால் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைக்கிற நேரம் ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அஸீஸா "கட்டார்ல" என்றாள். அவள் இதை அவனுக்குக் குறையாகச் சொன்னதில்லை, போனில் ஊர்ப் புதினம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அவனுக்கோ அது மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன வருடம் ஒரேயடியாக வந்து சேர்ந்தான். ஆறு மாதத்தில் மகளுக்கு மருதமுனையில் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை ஹாதிக், கைத்தறிக் குடும்பம், அமைதியான பிள்ளை. பந்தல், சாப்பாடு, உடுப்பு எல்லாவற்றையும் அஸீஸாவும் அவள் தம்பி இன்ஷாபும் கதைத்து முடித்துவிட்டார்கள். அவன் இல்லாமல் காரியம் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அது பழகிவிட்டது. றிம்சானிடம் வந்தது ஒரே ஒரு வேலை.

"காரு புகைக்கிது," என்றாள் அஸீஸா. "மாப்பிள்ளை வாறதுக்குள்ள அத மட்டும் ஒருக்காப் பாருங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல."

புகையை நிறுத்த நாலு நாள் போதும். எஞ்சினைத் திறந்த முதல் நாளே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திறந்து கிடந்த எஞ்சினைப் பார்க்கப் பார்க்க அவன் கை துறுதுறுத்தது. நல்ல கனமான இரும்பு. எண்பத்தைந்து குதிரை வலு கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. கொஞ்சம் பாடுபட்டால் நூற்று முப்பது கொடுக்கும். மகளுக்கு மாப்பிள்ளை வருகிற கார். ஊர் முழுக்கத் தெருவில் நின்று பார்க்கிற கார். பதினாலு வருடமாக எங்கே எங்கே என்று கேட்ட வாயெல்லாம், இது புள்ளைட வாப்பா செஞ்சது என்று சொல்ல வேண்டும். ஆசைதான். ஆசைப்பட்டதில் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாமான்களுக்குத் தோஹாவில் இருக்கிற கூட்டாளிமாரைப் பிடித்தான். ஒற்றைக் கார்பரேட்டர் இருந்த இடத்தில் மூன்று வந்து வரிசையாக உட்கார்ந்தன. பெற்றோலும் காற்றும் உள்ளே போகிற வால்வுகளை ஆழமாகவும் கூடுதல் நேரமும் திறந்து வைக்கிற புதிய கேம் ஷாப்ட் வந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கல்முனை லேத் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு மில்லிமீட்டர் சீவி எடுத்தான், உள்ளே போனதை இன்னும் இறுக்கி வெடிக்க வைக்க. புகை போக ஆறு தனிக் குழாய் வளைத்தான். கழற்றிய பழசையெல்லாம், தெருவால் போன பழைய இரும்பு எடுக்கிற கிசோக்கின் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிட்டான். வளவு துப்புரவாகட்டுமாம்.

"இந்தக் காருக்கு என்ன குறை இரிக்கி?" என்று அஸீஸா ஒரு நாள் கேட்டாள்.

"குறை இல்ல புள்ள. பலம் காணா, இன்னும் வேணும்."

"ஆருக்குக் காணா?"

அவன் சிரித்துவிட்டு ஸ்பேனரைத் தேடினான். நல்ல கேள்விக்கு ஸ்பேனர் தேடுவது மெக்கானிக்மாருக்கு வசதி.

அஸீஸாவுக்கும் அந்தக் காருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. பதினாலு வருடமும் வெள்ளிக்கிழமை காலையில் அதை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டவள் அவள்தான். எஞ்சின் ஓட, தேத்தண்ணிக் கோப்பையை மட்காட்டில் வைத்துவிட்டு முற்றம் கூட்டுவாள். தேத்தண்ணியில் ஒரு சுருக்கம் விழாது. வேலை முடிந்து புது எஞ்சின் முதன்முதலாக இரைந்த அன்று, கை பழக்கத்தில் கோப்பையைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தாள். கோப்பை நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு நகர்ந்து விழுந்து உடைந்தது.

"பாத்தியா பலத்த," என்றான் றிம்சான், முகமெல்லாம் சிரிப்பாக.

அவள் தும்புத்தடியை எடுத்து வந்து துண்டுகளைக் கூட்டி அள்ளினாள்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, சுபஹ் தொழுததும் இன்ஷாபைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தெற்கே விட்டான். அக்கரைப்பற்று தாண்டி, திருக்கோவில் தாண்டி, கோமாரிப் பக்கம் தெரு நேராக விழுந்து கிடக்கும். ஒரு பக்கம் தென்னை, தென்னைக்கு அப்பால் கடல். வாகனம் ஒன்றும் இல்லை. றிம்சான் காலை அழுத்தினான். மூன்று கார்பரேட்டரும் ஒன்றாக வாயைத் திறந்தன. முள் எழுபது மைல், எண்பது, தொண்ணூறு என்று ஏறி, நூறைத் தொட்டு நின்றது. இன்ஷாப் கலிமாவைச் சொல்லிக்கொண்டே சிரித்தான்.

கோமாரியில் நிறுத்தி இளநீர் குடித்தார்கள். "மச்சான், நீங்க பெரிய ஆள்தான்," என்றான் இன்ஷாப். "இப்பிடி ஒரு வேலைய இந்தப் பகுதியில ஒருத்தனும் செய்யமாட்டான்." றிம்சான் சூடான பொனட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் அந்த நேரம் மெய்யாகவே சந்தோசமாக இருந்தான். ஊருக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோசமாக இருந்தது அன்றுதான்.

அந்தச் சந்தோசத்துக்கு ஆயுள் மூன்று நாள்.

புதன்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு முகைதீன்பாவா வந்தார். மேசன் வேலை செய்கிற மனிதர், றிம்சானை விட நாலைந்து வயது மூப்பு. அதோடு பொல்லடிக் குழுவை நடத்துகிற அண்ணாவி. மாப்பிள்ளை வரும்போது காருக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வட்டம் போட்டு, கைப் பொல்லுகளை ஒன்றோடொன்று அடித்துப் பாடி ஆடிக்கொண்டு நடப்பார்கள். பள்ளிச் சந்தியில் இருந்து பெண் வீட்டு வாசல் வரைக்கும் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கடக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். முகைதீன்பாவாவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது: தான் நடத்திப் பார்க்காத வாகனத்துக்கு முன்னால் அடிக்க மாட்டார்.

"இது நீங்க பத்து நூறு தரம் நடத்தின காருதானே," என்றான் றிம்சான்.

"காரு அதுதான் மச்சான். எஞ்சின் புதுசாமே. ஒருக்கா நடந்து பாப்பம்."

ஒழுங்கையில் ஆறு பேர் பொல்லோடு நின்றார்கள். பழைய எஞ்சினாக இருந்தால் முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை விட்டு, எல்லாப் பெடலில் இருந்தும் காலை எடுத்துவிட்டால் போதும். கார் தன்பாட்டில் மனிதர் நடக்கிற நடையில் நடந்து போகும். நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றில் அது களைப்பில்லாமல் ஓடும். புதிய கேம் ஷாப்ட்டுக்கு ஆயிரத்து நூறுக்குக் குறைந்தால் மூச்சு முட்டும். றிம்சான் கிளச்சை விட்டான். கார் நடக்கவில்லை, ஓடியது. முன்னால் அடித்துக்கொண்டு நின்றவர்கள் இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். பிரேக்கை அழுத்தினான், எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது. திரும்ப ஸ்டார்ட் பண்ணி, கிளச்சைப் பாதியில் பிடித்துப் பிடித்து விட்டான். தள்ளாடித் தள்ளாடி நூறு யார் போவதற்குள் ஐந்து தடவை நின்றது. கிளச் கருகி மணத்தது. ஆறாவது தடவை ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு கொதிதண்ணி பீறியது.

வேலிகளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அது மரியாதைக்காகப் போனது. றிம்சானுக்கு அந்த மரியாதைதான் பொறுக்கவில்லை.

முகைதீன்பாவா பொல்லைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எங்கட அடிக்கு ஒரு நடை இரிக்கி மச்சான். வாகனம் அதுக்குள்ள வரணும். முந்தினா காலுல ஏறும், நிண்டா அடி முறியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்கட காருக்கு அவசரம். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல," என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. ஒரு சுவர் சரிந்து நிற்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

றிம்சான் கோமாரி வரைக்கும் போய்ப் பார்த்தவன், பள்ளிச் சந்தி வரைக்கும் போய்ப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக் கார் நடக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததா? அதில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து வந்தவன். ஆனால் எஞ்சின் என்றால் வேகம் என்று பதினாலு வருடம் அவன் கைக்குப் பழக்கிவிட்டார்கள். மணல் மலையில் மெதுவாக ஏற வை என்று எவனும் அவனிடம் கேட்டதில்லை.

வியாழக்கிழமை முழுக்கப் போராடினான். மூன்று கார்பரேட்டரையும் திரும்பத் திரும்பத் திருகினான். எஞ்சின் தொள்ளாயிரத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே வரமாட்டேன் என்றது. பழைய கேம் ஷாப்ட் ஒன்றுதான் வழி. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குக் கிசோக்கின் பழைய இரும்புக் கடைக்கு ஓடினான்.

"அண்ணே, அது போன மாசமே கொழும்பு லொறியில போயிட்டு," என்றான் கிசோக். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, குற்றம் தன்னுடையது போலக் குரலைத் தணித்தான். "இப்ப உருகியும் இரிக்கும். வேணுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வெச்சிருப்பன்."

கிடைத்திருந்தாலும் ஹெட்டில் சீவி எடுத்த இரண்டு மில்லிமீட்டர் இரும்பை எவன் திருப்பி ஒட்டுவான். லேத் கடைத் தரையில் அது சுருள் சுருளாக விழுந்ததை அன்று அவன் ஆசையாக நின்று பார்த்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்மிலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மருதாணி போடப் போகிற கை என்று உம்மா ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. இதற்கு மட்டும் கள்ளமாக வந்தாள். மட்காட்டில் வைக்காமல் அவன் கையில் கொடுத்தாள்.

"வாப்பா, நீங்க இந்தக் காருல வரக்குள்ள எவ்வளவு நேரம் எடுத்த?"

"பள்ளிச் சந்தியில இருந்து ஒரு மணித்தியாலம் இரிக்கும்."

"அலுப்பா இருக்கல்லயா?"

அவன் ஒரு மிடறு குடித்தான். அன்றைக்கு அவனுக்கு இருபத்துமூன்று வயது. அக்கரைப்பற்றில் உம்மாவின் வீட்டை விட்டு, யாரென்றே சரியாகத் தெரியாத ஒரு வீட்டுக்கு, ஆயுளுக்கும் இருப்பதற்காகப் போய்க்கொண்டிருந்தான். பயமாக இருந்தது. கார் நடக்க நடக்க, முன்னால் பொல்லுச் சத்தம் ஒரே சீராகக் கேட்கக் கேட்க, கண்ணாடி வழியாகச் சனங்கள் குனிந்து பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வாசலில் காலை வைத்தபோது பாதி ஊர்க்காரனாகியிருந்தான்.

"இல்ல மகள்," என்றான். "அந்த நேரம் எனக்குத் தேவையா இருந்திச்சி."

சொன்ன பிறகுதான், அந்த ஒரு மணித்தியாலத்தைத் தன் மருமகனிடம் இருந்து தானே வெட்டி எடுத்துவிட்டான் என்பது உறைத்தது. தேத்தண்ணி கசந்தது.

சனிக்கிழமை காலையில் அஸீஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடியும்வரை கத்தியை நிறுத்தவில்லை.

"புகைய நிறுத்தத்தானே சொன்னன்," என்றாள்.

"ஓம்."

"மறுகா என்னத்துக்கு இதெல்லாம் செஞ்சீங்க?"

"நான் இந்த வீட்டுல ஒரு ஆணி அடிச்சதில்ல புள்ள. மகள்ட ஒரு நல்லது கெட்டதுல நிண்டதில்ல. இதையாவது ஊரு காணட்டுமெண்டு நினைச்சன்."

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். அது வெங்காயமாகவும் இருக்கலாம். "எண்ட தங்கச்சிமாருக்கு இந்தக் காருல வந்த. ஊராட புள்ளையளுக்கு வந்த. எண்ட மகளுக்கு மட்டும் வாடகைக் காரா?"

"வரும். இந்தக் காருலதான் வரும்," என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

"ஒண்டு சொல்லுறன். காரு எப்பிடியும் வரட்டும். எங்கட கலியாணத்துல எங்கட வாப்பா வாசல்ல நிண்டு ஒங்கட கையப் புடிச்சி இறக்கினார். நாளைக்கு நீங்க வாசல்ல நில்லுங்க. எனக்கு அது காணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் முகைதீன்பாவாவையும் இன்ஷாபையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கதைத்தான். முகைதீன்பாவா தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். கடைசியில் "நடை சரியா இருந்தா எனக்கு ஒண்டுமில்ல," என்றார்.

பின்னேரம் மருதமுனைக்குப் போன செஃபயர், மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கல்முனை பிரதான வீதியால் வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. கூட வந்த வேன்களெல்லாம் பாண்டிருப்பிலேயே பின்தங்கிவிட்டன, பொல்லடிக்காரர் தலைப்பாகை கட்டி முடிக்க முன்னரே கார் பள்ளிச் சந்திக்கு வந்து நின்றது. றிம்சான் அங்கே வெள்ளைச் சேர்ட்டோடு காத்திருந்தான். இன்ஷாப் எஞ்சினை நிறுத்தினான். றிம்சான் பொனட்டைத் திறந்து, கொயிலில் இருந்து வருகிற வயரைப் பிடுங்கிச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு மூடினான். இனி யாரும் தவறிக்கூட ஸ்டார்ட் பண்ண முடியாது. இன்ஷாப் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்க, அவன் கூட்டாளிமார் மூன்று பேர் காருக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

அவன் நினைத்திருந்தது இவ்வளவுதான்: அவர்கள் தள்ளட்டும், தான் குறுக்கு ஒழுங்கையால் போய் வாசலில் நிற்கலாம். றபான் முழங்கியது. பொல்லுகள் மேலே எழும்பின. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கார் அசைந்து, ஒரு பக்கமாக இழுத்து, சந்தி மணலில் பின்சில்லு இறங்கி நின்றது. அடி ஒரு தடவை தடுமாறியது. முகைதீன்பாவா திரும்பிப் பார்த்தார்.

றிம்சான் போய் நாலாவது ஆளாகக் காரின் பின்பெட்டி மூடியில் இரண்டு கையையும் ஊன்றினான். "பிஸ்மில்லாஹ்" என்று தள்ளினான். கார் மணலை விட்டு ஏறியது.

இருபது யார் போனதும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தான். இருபது யாரில் அவனுக்கு விசயம் பிடிபட்டது. பொல்லு ஒரு தடவை மோதினால் ஒரு எட்டு. அடுத்த தடவை மோதினால் அடுத்த எட்டு. நாலு பேரின் காலும் அந்தச் சத்தத்துக்குள் வந்துவிட்டது. ஒருவன் கையை எடுத்தால் கார் சுணங்கும், சுணங்கினால் அடி முறியும். அவன் கையை எடுக்கவில்லை. பின் கண்ணாடிக்குள் ஹாதிக்கின் தலைப்பாகையும், அதற்குக் கீழே குனிந்த கழுத்தும் தெரிந்தன. அந்தக் கழுத்து எவ்வளவு விறைத்துக்கொண்டு இருந்தது என்பதையும், கடை வீதி தாண்டி, நெசவுச் சாமான் கடைச் சந்தி தாண்டி, வேலியோரச் சனங்களின் சிரிப்பைத் தாண்டி வரவர அது இளகியதையும், ஒன்றரை முழத்தில் நின்று பார்த்தவன் அவன் ஒருவன்தான். ஒரு மணித்தியாலம். சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. சப்பாத்துக்குள் மணல். இளம்பச்சை மூடியில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

வாசலில் பெண்கள் குரவை போட்டார்கள். பொல்லடி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றது. இன்ஷாப் கதவைத் திறந்தான். கை பிடித்து இறக்க ஆள் வர வேண்டும். யாரும் வரவில்லை. பந்தலுக்குள் நிக்காஹ் எழுதுகிறவர் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருந்தார். பெண்ணுக்கு வலியாக, பொறுப்பாளனாக, இருந்து கையைக் கொடுக்க வேண்டியவன் வாப்பா. அவன் வந்தால்தான் எதையும் தொடங்கலாம். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த லெப்பை, அன்றைக்குக் குர்ஆன் ஓதி முடித்த நாளில் கேட்ட அதே லெப்பை, எழுந்து நின்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"புள்ளைட வாப்பா எங்க?"

அஸீஸா வாசற்படியில் நின்றாள். பதினாலு வருடம் பழகிய பதில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது; வாயும் திறந்துவிட்டது. அவள் வாசலைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், எங்கேயும் அவன் இல்லை. பிறகுதான் கார் ஓடிய சத்தமே கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பச்சை மூடிக்குப் பின்னால் ஒரு தலை, வேர்வையில் ஊறி, மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தது.

அவள் தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"இஞ்ச இரிக்கார். அவர்தான் கொண்டுவந்த."

றிம்சான் கையைச் சேர்ட்டில் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சேர்ட்தான் கறுத்தது. அந்தக் கையை நீட்டுவதா என்று தயங்கி நிற்கும்போது, உள்ளே இருந்த ஹாதிக் தன் கையை வெளியே நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.